நோவாத கட்டியும் நாணும் நெஞ்சமும்

விழா மலரொன்றின் பக்கங்களிலே கல்லூரித் தாயின் வரலாறும், அதிபர் பெருமக்களின் அருந்தொண்டும், விளையாட்டு வீரர்தம் வெற்றிகளும், சமய இலக்கிய ஆராய்ச்சிகளும் இடம்பெறுதல் மரபு. அம்மரபினின்றும் சற்றே விலகி, பலரும் பேசக் கூசும் ஒரு பொருளை ஈண்டு எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். ஆண்களின் விதையிலே தோன்றும் புற்றுநோயை அதன் தொடக்கத்திலேயே இனங்கண்டுகொள்ளும் வகையே அப்பொருளாகும். ஆடவர் கல்லூரியொன்றின் மலருக்கு இதனினும் பொருத்தமான பொருள் வேறில்லை என்பது எமது எண்ணம். ஏனெனில் இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவரையே பற்றுவது. இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவனும், நேற்றுக் கல்லூரியை விட்டகன்ற இளைஞனும், இப்போதுதான் இல்லறம் புகுந்த பழைய மாணவனும் அவ்வெல்லைக்குள்ளேயே நிற்கின்றனர்.

புற்றுநோய் என்றவுடன் முதுமையையும் புகையிலையையும் எண்ணுதல் நம்மவர் இயல்பு. வாயிலும் தொண்டையிலும் வரும் புற்றுநோய்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பெரிதும் பொருந்தும். விதையில் வரும் நோயோ இளமையை நாடி வருவது. மேனாடுகள் பலவற்றில் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவரிடையே காணப்படும் புற்றுநோய்களுள் முதன்மை பெறுவது இதுவே. டென்மார்க், நோர்வே முதலிய வட ஐரோப்பிய நாடுகளிலே இது மிகுதி. ஆசிய மக்களிடையே குறைவு. ஆயினும் குறைவென்பது இல்லையென்பதன்று. அரிதாய் வருவதாலேயே இதனைப் பற்றிய அறிவும் அரிதாகி, வந்தவன் அறியாமையால் வாளாவிருந்துவிடுகின்றான்.

இந்நோயைக் கண்டு பிடிப்பதற்குக் கூரிய மதிநுட்பமோ அரிய கருவியோ முதற்கண் வேண்டுவதில்லை, விரல்களே போதும். இதனைக் குணப்படுத்தும் ஆற்றலும் இன்றைய வைத்தியத்துக்கு நிரம்ப உண்டு. அவ்வாறிருந்தும் காலந் தாழ்த்துவோர் பலர். அதற்குரிய காரணங்கள் இரண்டு: கட்டி நோவதில்லை, நெஞ்சம் நாணுகின்றது. இவ்விரண்டையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

விதையின் பயணம்

நோயின் குறிகளை மனப்பாடஞ் செய்தலினும் அவை தோன்றுங் காரணத்தை அறிந்துகொள்ளுதல் நன்று. காரணம் அறிந்தவன் குறியை மறவான். விதைகள் இரண்டும் தாயின் வயிற்றில் குழவி வளரும் காலத்திலே, குழவியின் வயிற்றினுள்ளே, சிறுநீரகங்களுக்கு அண்மையிலேயே உருவாகின்றன. பின்னர் மெல்ல மெல்லக் கீழிறங்கி, தொடையிடுக்கின் வழியே வெளிப்போந்து, பிறப்பதற்கு முன்னர் விதைப்பையை வந்தடைகின்றன. உடலின் வெப்பத்தினும் இரண்டு மூன்று பாகை குறைந்த வெப்பமே விந்து உற்பத்திக்கு ஏற்றதாதலின் இயற்கை இவ்வாறு அவற்றைப் புறத்தே வைத்தது.

ஊரைவிட்டுக் கொழும்பு சென்று உத்தியோகம் பார்ப்பவனும் ஊரோடு தொடர்பை விடாதது போல, விதைகள் கீழிறங்கிய பின்னரும் பிறந்த இடத்தோடுள்ள தொடர்பை விடுவதில்லை. அவற்றுக்குரிய குருதிக் குழாய்களும் நரம்புகளும் நிணநீர்க் குழாய்களும் வயிற்றின் உட்புறத்தே சிறுநீரகத்தின் அருகிலிருந்தே வருகின்றன. ஆதலின் விதையிலே உண்டாகும் கோளாறு அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் மந்தமான நோவாகத் தோன்றலாம். விதையிலிருந்து புறப்படும் புற்றுக்கலங்கள் நிணநீர் வழியே சென்று முதலில் தங்குமிடமும் முதுகெலும்பின் முன்னே, சிறுநீரகங்களை அடுத்துள்ள நிணநீர்க் கணுக்களேயாம். காரணந் தெரியாத நாரிநோ சிலவேளை இந்நோயின் குறியாக அமைவது இதனாலேதான்.

விதையானது முட்டை வடிவினது, வழவழப்பானது, மெத்தென்றும் சற்று உறுதியாகவும் இருப்பது. அதன் பின்புறத்தே மேலிருந்து கீழாகச் சுருட் குழாயொன்று மென்மையான வடம் போல ஒட்டியிருக்கும். விந்தைச் சேமித்து முதிர்விப்பது அக்குழாயே. இதனை அறியாதார் பலர் முதன்முதல் தடவிப் பார்க்கும்போது அதனையே கட்டியெனக் கருதி அஞ்சுவர். மேலும் இரு விதைகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒன்று சற்றுப் பெரிதாயிருத்தலும், பெரும்பாலும் இடப்புறத்தது சற்றுத் தாழ்ந்திருத்தலும் இயற்கையே. ஆகவே ஒருவன் அறியவேண்டியது புத்தகத்திலுள்ள படத்தையன்று. தன்னுடைய இயல்பான நிலையையே.

அறியவேண்டிய குறிகள்

முதலாவதும் முதன்மையானதுமான குறி, விதையிலே தட்டுப்படும் கட்டி. அது பயற்றம் விதையளவினதாயும் இருக்கலாம். கடலையளவினதாயும், அதனினும் பெரிதாயும் இருக்கலாம். விதையின் முன்புறத்தோ பக்கத்தோ அதன் தசையோடு ஒன்றியதாய், கல்லென இறுகியதாய் இருக்கும். பெரும்பாலும் நோவதில்லை. நோவு இல்லாமையைக் கொண்டு இஃது ஆபத்தற்றதென முடிவு செய்தல் பெருந்தவறு. நோவுடைய நோய் மனிதனை இழுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லும்; நோவில்லாத நோய் அவனை வீட்டிலேயே இருத்திவிடும். விதையைப் பொறுத்தவரையில் நோவாத கட்டியே பெரிதும் ஐயுறத்தக்கது.

இரண்டாவது, கட்டியெனத் தனியே ஒன்று தட்டுப்படாமல் விதை முழுவதுமே பெருத்தல் அல்லது இறுகுதல். மூன்றாவது, விதைப்பையிலே முன்னில்லாத பாரம். நான்காவது, அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ விட்டுவிட்டுத் தோன்றும் மந்தமான நோவு. ஐந்தாவது, விதைப்பையிலே திடீரென நீர் கோத்தல். வயது முதிர்ந்தோரிடத்து நீர் கோத்தல் பெரும்பாலும் தீங்கற்றது. இளைஞனிடத்துத் திடீரென நேரின் அதன் பின்னே கட்டியொன்று மறைந்திருக்கின்றதோவெனப் பார்த்தல் வேண்டும்.

இன்னொரு குறி வியப்புக்குரியது. இந்நோயுற்ற ஆடவர் சிலருக்கு மார்பு பருத்து நோவுண்டாகும். சிலவகைக் கட்டிகள், கருவுற்ற பெண்ணின் உடலிற் சுரக்கும் ஓமோனொன்றைத் தாமுஞ் சுரத்தலே இதற்குக் காரணம். கருப்பத்தை அறிவதற்குச் சிறுநீரிலே தேடப்படும் அதே பொருள் இவ்வாடவர் குருதியிலும் காணப்படும். வளரிளம் பருவத்திலே பையன்கள் பலருக்கு மார்பு சற்றே பருத்துப் பின் தணிதல் இயற்கையாதலின் அதற்காக அஞ்சவேண்டியதில்லை. ஆனால் வளர்ந்த ஆடவனுக்குப் புதிதாய் நேரின் வைத்தியர் விதைகளையுஞ் சோதித்தல் வழக்கம்.

நோய் விதையைக் கடந்து பரவியபின் தோன்றும் குறிகள் வேறு. தீராத நாரிநோ, விடாத இருமல், மூச்சுத் திணறல், சளியோடு குருதி வெளிப்படுதல், கழுத்தின் இடப்புறத்தே காறையெலும்பின் மேல் கட்டி தோன்றுதல், கால் வீக்கம் என்பன அவை. இருமலுக்கு இருமல் மருந்தும், நாரிநோவுக்குத் தைலமும் தேடித் திரியும் இளைஞன், தன் விதையிலே பல திங்களாகவுள்ள கட்டியை வைத்தியரிடம் சொல்லாது மறைப்பானாயின் அவ்வைத்தியர் யாது செய்வார்?

கட்டியெல்லாம் புற்றன்று

இதுவரை கூறியதைக் கேட்டு மனங்கலங்க வேண்டுவதில்லை. விதைப்பையிலே தோன்றும் வீக்கங்களுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. விதையைச் சூழ்ந்து நீர் தங்கும் ஓதம் ஒன்று. இருட்டறையில் விளக்கொளியைப் பின்னிருந்து பாய்ச்சினால் அது செந்நிறமாய் ஒளி ஊடுருவத் தோன்றும். குடலிறக்கம் மற்றொன்று, தொடையிடுக்கிலிருந்து இறங்கிவரும், இருமும்போது பருக்கும். நாளங்கள் புடைத்துப் பையினுள்ளே புழுக்கள் நெளிவதுபோலத் தோன்றும் நிலை இன்னொன்று. நிற்கும்போது அது தெளிவாகும். விதையின் மேற்பகுதியிலே, விதையினின்றும் வேறாகத் தட்டுப்படும் நீர்க்கட்டிகளும் உள. இவையன்றிக் கிருமித் தொற்றினால் நோவும் காய்ச்சலும் கூடிய வீக்கம் வருவதுண்டு. கூகைக்கட்டு வந்த இளைஞர்க்கும் விதை வீங்குதல் உண்டு. ஒருகாலத்தில் யானைக்கால் நோயினால் விதைப்பை பெருத்தவர்களை எமது நாட்டின் தென்மேற்குக் கரையோரங்களிலே காணல் இயல்பாயிருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினையென்ற நிலையினின்றும் அந்நோய் இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் அறிவித்தது.

இவற்றுள் எது எதுவெனத் தெளிதல் வைத்தியரின் தொழில், நோயாளியின் தொழிலன்று. நோயாளி செய்யவேண்டியது காட்டுதல் ஒன்றே. தொற்றெனக் கருதி மருந்து கொடுக்கப்பட்ட வீக்கம் இரண்டு வாரங்களில் வடியாவிடின் மீண்டுஞ் சென்று காட்டுதல் வேண்டும். மருந்து தந்தாயிற்றென்று வீட்டிலிருத்தல் கூடாது.

ஈண்டு இன்னொன்றையும் அழுத்திக் கூறுதல் எமது கடமை. விதையிலே திடீரெனக் கடுநோவு தோன்றி, வாந்தியும் கூடுமாயின் அது பெரும்பாலும் புற்றுநோயாகாது. விதை தன் வடத்திலே முறுக்குண்டு குருதியோட்டம் தடைப்பட்ட நிலையாயிருக்கலாம். பள்ளிப் பையன்களிடத்து இது நேர்வதுண்டு. ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிடின் அவ்விதையைக் காப்பாற்றுதல் அரிதாகும். நள்ளிரவாயினும் விடியட்டுமென்று காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். விடுதிச்சாலைப் பொறுப்பாளர் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் நன்று.

காலந் தாழ்க்கும் வகை

இருபத்துநான்கு வயதுடைய இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். மாசி மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது வலப்புற விதையிலே கடினமான ஏதோவொன்று அவன் கையிலே தட்டுப்படுகின்றது. பங்குனியில் நடைபெறும் பெருந்துடுப்பாட்டத்திற்காகப் பழைய மாணவருடன் பந்தாடியபோது பட்ட அடியாகலாமென்று அமைதி கொள்கின்றான். அடியினால் வந்த வீக்கம் நாளடைவில் வடியும், இதுவோ வடியவில்லை. வைகாசியிலே சற்றுப் பெருத்திருக்கின்றது. ஆனால் நோவில்லை, சாப்பாடு செல்கின்றது, உறக்கம் வருகின்றது. தாயிடம் சொல்ல முடியாது. தந்தையிடம் சொல்லிப் பழக்கமில்லை. நண்பரிடம் சொன்னால் நகைப்பரோவென அஞ்சுகின்றான். வைத்தியசாலையிலே பெண் வைத்தியர் இருந்தாலோவென எண்ணித் தயங்குகின்றான். திருமணப் பேச்சும் வீட்டிலே தொடங்கியிருக்கின்றது. செய்தி வெளிப்பட்டாற் சம்பந்தம் கலையுமோவென்ற அச்சமும் உண்டாகின்றது. ஆவணியிலே நாரி நோகின்றது. கார்த்திகையில் இருமல் தொடங்குகின்றது. முதல் மாதத்தில் ஒரு சிறு சத்திரசிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடியது, பத்தாவது மாதத்தில் பல திங்கள் நீடிக்குஞ் சிகிச்சையாய் வளர்ந்து நிற்கின்றது.

அடிபட்டதனால் இந்நோய் உண்டாவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவேயுள்ள கட்டி தட்டுப்படுகின்றது, அவ்வளவே. இறுக்கமான உடையும், துவிச்சக்கர வண்டி ஓட்டமும் இதற்குக் காரணமென்று கூறுதற்கு ஆதாரமில்லை. இஃது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. ஒழுக்கக் கேட்டினால் வருவதுமன்று. நாணத்துக்கு இடமேயில்லாத ஒரு நோயை நாணத்தினால் மறைத்தல் பேதைமையன்றி வேறென்ன? இந்நோய்க்கட்டிகளுட் சில ஒரு மாத காலத்துள் இருமடங்காகும் விரைவுடையன. ஆதலின் திங்கள்களைக் கழிய விடுதல் தகாது.

யாரிடத்து இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதியென்பதும் ஓரளவு அறியப்பட்டதே. குழவிப் பருவத்தில் விதை கீழிறங்காதிருந்தோர் முதல் வகையினர். பயணத்தை முடியாது வயிற்றினுள்ளோ தொடையிடுக்கிலோ தங்கிய விதையிலே இந்நோய் தோன்றும் வாய்ப்புப் பன்மடங்காகும். ஆகவே ஆண் குழந்தை பெற்றோர் அதனை ஆறு மாதத்தில் உற்று நோக்குதல் வேண்டும். அப்போதும் இறங்காவிடின் சத்திர வைத்தியரிடம் காட்டி, ஒன்று அல்லது ஒன்றரை வயதளவில் அதனைக் கீழிறக்கி அமைத்துக்கொள்ளுதல் நன்று. வளர வளரத் தானே இறங்குமெனப் பள்ளிப் பருவம் வரை விட்டுவைத்தல் தகாது. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருப்பின் மற்றவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒருபுற விதையில் வந்தவர்க்கு மறுபுறத்தும் பிற்காலத்தில் வருதல் கூடும். எனினும் நோயுற்றோர் பலரிடத்து இவற்றுள் எதுவுங் காணப்படுவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

தன்னைத் தான் அறிதல்

வெந்நீரிலே குளித்த பின்னர் விதைப்பையின் தோல் தளர்ந்திருக்கும். அவ்வேளையில் ஒவ்வொரு விதையையும் தனித்தனியே பெருவிரலுக்கும் ஏனைய விரல்களுக்கும் இடையே மெல்ல உருட்டிப் பார்த்தல் எளிது. அழுத்தவேண்டியதில்லை. வழவழப்பான பரப்பிலே கடினமான இடமேதும் உண்டா, முன்னைய அளவினும் பெருத்துள்ளதா, பாரம் மாறியுள்ளதா என்பனவே நோக்கத்தக்கவை. பின்புறத்தேயுள்ள சுருட் குழாயை முதலிலேயே இனங்கண்டுகொண்டால் வீண் அச்சம் நேராது. ஒரு நிமிடத்துக்கு மேல் இதற்குச் செல்லாது.

நோய்க் குறியெதுவுமில்லாத ஆடவர் அனைவரும் மாதந்தோறும் கட்டாயமாக இவ்வாறு செய்தல் வேண்டுமோவென்பதில் வைத்திய அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்பு ஆய்வுக் குழு 2011 ஆம் ஆண்டில் இதனைப் பொதுவிதியாக விதிக்க வேண்டியதில்லையென்று கூறிற்று. நோய் அரிதாதலும், பிந்திக் கண்டபோதும் குணமாக்கத்தக்கதாதலும், வீண் அச்சமும் தேவையற்ற சோதனைகளும் பெருகக்கூடுமென்பதும் அவர் காட்டிய காரணங்கள். ஆனால் தன் உடலின் இயல்பு நிலையை ஒருவன் அறிந்திருத்தல் வேண்டுமென்பதிலும், மாற்றங் கண்டவுடன் வைத்தியரை நாடவேண்டுமென்பதிலும் கருத்து வேற்றுமை இல்லை. நாட்காட்டியிலே குறித்துவைத்து அஞ்சியஞ்சித் தேடவேண்டா; அறியாமலும் இருக்கவேண்டா.

வைத்தியசாலையில் நிகழ்வது

அறியாத இடத்திற்குச் செல்ல மனம் அஞ்சும். அங்கே நிகழ்வதை முன்னரே அறிந்தால் அச்சம் பாதி அகலும். வைத்தியர் முதலிற் கைகளாற் சோதிப்பார். பின்னர் ஸ்கான் எனப்படும் ஒலியலைப் படம் எடுக்கப்படும். கருப்பவதிகளின் வயிற்றைப் பார்ப்பதும் இம்முறையாலேதான். நோவில்லை, ஊசியில்லை, கதிரியக்கமில்லை. கட்டி விதையினுள்ளேயா புறத்தேயாவென்பதும், நீரா தசையாவென்பதும் அதனால் விளங்கும். குருதியிலே சில பொருள்களின் அளவும் நோக்கப்படும்.

ஐயம் உறுதிப்படின், கட்டியிலே ஊசி குத்திச் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் வழக்கம் இந்நோயில் இல்லை. விதைப்பையைக் குத்தினாலும் கிழித்தாலும் நோய் புதுவழிகளிற் பரவக்கூடுமாதலின், சத்திர வைத்தியர் தொடையிடுக்கிலே சிறு வெட்டொன்றிட்டு, விதை இறங்கிவந்த அதே வழியாய் அதனை வடத்தோடு மேலே எடுத்துவிடுவார். ஊரிலே கட்டியைக் கீறிவிடுவோரிடமும், பத்துப் போட்டுப் பழுக்கவைப்போரிடமும் இதனைக் கொண்டுசெல்லலாகாதென்பதற்கும் இதுவே காரணம். எடுத்த விதையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து வகையை அறிந்த பின்னரே மேற்சிகிச்சை தீர்மானிக்கப்படும். சிலர்க்குக் கண்காணிப்பு மட்டுமே போதும். சிலர்க்கு மருந்தேற்றுஞ் சிகிச்சையோ கதிர்ச் சிகிச்சையோ வேண்டப்படும்.

விதையொன்றை இழந்தால் ஆண்மையே போயிற்றென்பது வெறும் அச்சம். மற்றைய விதை நலமாயிருப்பின் குரலும் மீசையும் வலிவும் இல்லற வாழ்வும் முன்போலவே அமையும். மக்கட்பேறும் பெரும்பாலோர்க்கு உண்டு. மருந்தேற்றுஞ் சிகிச்சையினால் விந்து குறைதல் கூடுமாதலின், பிள்ளைப்பேற்றை விரும்புவோர் சிகிச்சைக்கு முன்னரே விந்தைச் சேமித்து வைத்தல் பற்றி வைத்தியரிடம் வினவுதல் வேண்டும். வாய்திறந்து கேளாவிடின் இவ்வாய்ப்பு நழுவிவிடும். நாணத்தின் விலை ஈண்டும் பெரிது.

எமது நாட்டிலே அரசினர் வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைகள் பணமின்றியே வழங்கப்படுகின்றன. மகரகமையிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலையை யாவரும் அறிவர். வடபுலத்தாரின் நலங் கருதித் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நாடு நெடுக நடந்த பலரும், அவர்க்கு வழிநெடுகப் பொருளுதவிய பல்லாயிரவரும் எழுப்பிய நிலையம் அது. எனினும் முதற் காட்டுதலுக்கு அவ்வளவு தூரஞ் செல்லவேண்டியதில்லை. அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவே போதும்.

பிளாற்றினம் தந்த வாழ்வு

இந்நோய் பரவிய நிலையிற் பத்தில் ஒருவர் பிழைத்தலும் அரிதாயிருந்த காலம் ஒன்றுண்டு. அந்நிலையை மாற்றியது ஒரு தற்செயலான கண்டுபிடிப்பு. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலப் பல்கலைக்கழகத்திலே பார்னெற் ரோசன்பேர்க் என்னும் அறிஞர் பற்றீரியாக்களின் ஊடே மின்னோட்டஞ் செலுத்தி ஆராய்ந்தார். பற்றீரியாக்கள் பிரிந்து பெருகாமல் நூல்போல நீண்டு வளர்ந்தன. மின்சாரம் காரணமன்று, மின்வாயாக வைத்த பிளாற்றினத்திலிருந்து உண்டான சேர்வையே கலப்பிரிவைத் தடுத்ததென அவர் கண்டனர். கலங்கள் கட்டுக்கடங்காது பிரிதலே புற்றுநோயாதலின் அச்சேர்வை மருந்தாயிற்று. சிஸ்பிளாற்றின் என்பது அதன் பெயர்.

1974 ஆம் ஆண்டில் இண்டியானாப் பல்கலைக்கழகத்து வைத்தியர் லோரன்ஸ் ஐன்ஹோர்ன், விதைப் புற்றுநோய் நுரையீரல் வரை பரவி வேறு மருந்துகளுக்கு அடங்காத நிலையிலிருந்த ஜோன் கிளீலண்ட் என்னும் மாணவனுக்கு அம்மருந்தை வேறு இரு மருந்துகளோடு சேர்த்து ஏற்றினார். நுரையீரலிலிருந்த கட்டிகள் சின்னாட்களிலேயே கரையத் தொடங்கின, மாணவன் பிழைத்தான். இன்று இந்நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முற்றாகக் குணமடைகின்றனர். நோய் விதையினுள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டால் ஏறத்தாழ அனைவருமே பிழைக்கின்றனர்.

துவிச்சக்கர வண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் கதை பலரும் அறிந்தது. ஊக்கமருந்துக் குற்றத்தினால் அவர் வென்ற பட்டங்கள் 2012 ஆம் ஆண்டிலே பறிக்கப்பட்டமை வேறு செய்தி. 1996 ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதில், விதையின் வீக்கத்தையும் நோவையும் பொருட்படுத்தாதிருந்த அவர், இருமலிலே குருதி கண்ட பின்னரே வைத்தியரை நாடினார். அப்போது நோய் வயிற்றிலும் நுரையீரலிலும் மூளையிலும் பரவியிருந்தது. பிழைத்தார்; ஆனால் அவர் உடல் அதற்கிறுத்த விலை பெரிது.

2011 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் துடுப்பாட்டத்தில் இலங்கையை இந்தியா வென்றமையை நம்மவர் மறந்திரார். அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவுசெய்யப்பட்ட யுவராஜ் சிங், இருமலாலும் மூச்சுத் திணறலாலும் வருந்தியவண்ணமே அதில் ஆடினார். அவருக்கு நேர்ந்தது விதையிலே தோன்றியதன்று; இரு நுரையீரல்களுக்கும் இடையே தோன்றிய கட்டி. ஆயினும் அது விதைப் புற்றுநோயின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதே மருந்து முறையினால் அமெரிக்காவிலே குணம் பெற்று, 2012 ஆம் ஆண்டு இலங்கையில் நடைபெற்ற இருபது ஓவர் உலகக் கிண்ணத் தொடரிலே மீண்டும் களமிறங்கினார்.

நாம் செய்யவேண்டுவது

பல்லையும் கண்ணையும் பேணும் முறையையும், மலேரியாவையும் காசநோயையும் பற்றிப் பள்ளிக்கூடத்திற் கற்பிக்கின்றோம். ஆண்மகனின் இவ்வுறுப்பைப் பற்றி மட்டும் கற்பிக்காது விட்டால், அவன் அதைப்பற்றிப் பரிகாசமாகவும் வசையாகவுமே கேட்டு வளர்வான். பரிகாசத்துக்கு மட்டுமே பழகிய பொருளைத் துன்பம் வந்தபோது எச்சொல்லாற் சொல்வான்? ஆதலின் உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஆண்டிற்கு ஒரு முறையேனும் வைத்தியர் ஒருவரைக்கொண்டு இதுபற்றி ஓர் உரை நிகழ்த்துவித்தல் நன்று. எமது பழைய மாணவருள் வைத்தியர்க்குக் குறைவில்லை. தந்தையர் தம் புதல்வரிடம் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடின், பின்னொரு நாளில் அப்புதல்வன் தந்தையிடம் வந்து பேசுதற்கு வழி திறந்திருக்கும். மனைவியர் அறிந்திருத்தலும் நலமே. கணவன் தள்ளிப்போடுவதைத் தள்ளிப்போடாது செய்விக்க வல்லார் அவரே.

வைத்தியர் முன்னே நிற்கும்போது நாவெழாதவர்க்கு நீண்ட முன்னுரை வேண்டுவதில்லை. “டொக்டர், விதையிலை ஒரு கட்டி தட்டுப்படுது, ஒருக்காப் பார்க்கவேணும்” என்ற ஒரு வாக்கியம் போதும். எஞ்சியதை வைத்தியர் கேட்டறிவார். பெண் வைத்தியரிடம் காட்டக் கூசுவோர் ஆண் வைத்தியரை வேண்டிக்கொள்ளலாம், அதனாற் குற்றமில்லை. காட்டாது திரும்பிவருதலே குற்றம்.

உடம்பைப் பேணுதல் அறத்தின்பாற்பட்டதென்பது நம் முன்னோர் கொள்கை. கல்லூரித் தாய் தன் மக்களுக்கு ஊட்டிய கல்வி, நூலறிவோடு அமையாது தம்மையும் பிறரையும் காக்கும் அறிவாக மலரல் வேண்டும். இம்மலரை வாசிக்கும் அன்பர்களுள் எவரேனும் இவ்வகைக் குறியொன்றைத் தம்மிடத்தே கொண்டு வாளாவிருப்பாராயின், அவர் அடுத்த ஞாயிறு வரையேனும் தாமதியாது இவ்வாரமே வைத்தியரை நாடுவாராக. அடுத்த விழாவுக்கு மக்கள் அனைவரும் நலத்தோடு வந்து கூடுவதே கல்லூரித் தாய்க்கு நாம் சூட்டும் மாலையாகும்.